பொன்னா, ஆரஞ்சா? பிஜியின் இரு பழப்புறாக்களை இனம்பிரிக்க ஒரு வழிகாட்டி

பிஜிக்குப் பறவை பார்க்கக் கிளம்புகிறவர்களைப் பெரும்பாலும் இழுத்துப்போவது ஒரு படம்தான். கரும்பச்சை இலைகளுக்கு நடுவே, சாயத்தில் முக்கியெடுத்த மாதிரி உட்கார்ந்திருக்கும் ஆரஞ்சு நிறப் புறா. படம் பொய்யில்லை, ஆண் பறவை நிஜமாகவே அந்த நிறம்தான். ஆனால் பன்னாட்டு விமானங்கள் வந்து இறங்கும் விட்டி லேவு தீவில் அந்தப் புறா கிடையாது. அங்கே இருப்பது அதன் நெருங்கிய உறவான பொன்னிறப் பழப்புறா. இரண்டும் ஒரே அளவு, ஒரே உடல்வாகு. பெண் பறவைகள் இரண்டு இனத்திலும் பச்சை. போதாக்குறைக்கு, நாய் மாதிரி குரைக்கும் பெரிய புறா ஒன்று எல்லாத் தீவுகளிலும் சுற்றிக்கொண்டு காதைக் குழப்புகிறது.

முதன்முறை போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது, எங்கே தேடுவது, எதைக் கண்டு ஏமாறக் கூடாது என்று வரிசையாகப் பார்க்கலாம். வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் தீவு, அடுத்து காது, கடைசியில்தான் கண். புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நிறத்தில் தொடங்கி, நிறத்திலேயே மாட்டிக்கொண்டு, காலை முழுக்கக் கழுத்து வலியோடு திரும்புகிறார்கள்.

கிளம்பும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

பழப்புறாக்கள் என்பவை டிலினோபஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. தென்கிழக்கு ஆசியா முதல் ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் வரை ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்களாகப் பரவியிருக்கின்றன. பெயருக்கேற்ப முக்கிய உணவு பழம். சிறு கனிகளை முழுதாக விழுங்கி, விதையை உடைக்காமல் வெளியேற்றிவிடும். நம் ஊர் பச்சைப்புறாவின் இரைப்பை அத்தி விதையையும் அரைத்துவிடும். பழப்புறாவின் குடலோ குட்டையானது, இரைப்பைச் சுவர் மெல்லியது. அதனால் தீவுக் காடுகளில் விதை பரப்பும் வேலையில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. பிஜியின் இந்த இரண்டும் கம்பளிப்புழு, பூச்சிகளையும் இடையிடையே தின்பதுண்டு.

பிஜியில் மட்டுமே வாழும் பழப்புறாக்கள் மூன்று: பொன்னிறப் பழப்புறா, ஆரஞ்சுப் பழப்புறா, சீழ்க்கைப் பழப்புறா. மூன்றும் ஒரு மூதாதையின் வழி வந்தவை. தீவுக்குத் தீவு பிரிந்து தனித்தனி இனமானவை. இவை மட்டும் மற்ற பழப்புறாக்களிலிருந்து தோற்றத்தில் விலகி நிற்பதால் கிரைசீனாஸ் என்று தனிப் பெயர் கொடுத்துப் பிரித்து வைத்தவர்களும் உண்டு. இப்போது பரவலாக டிலினோபஸிலேயே வைக்கிறார்கள். பழைய நூலில் வேறு பெயரைக் கண்டால் வேறு பறவை என்று நினைத்துவிட வேண்டாம்.

அறிவியல் உலகுக்கு முதலில் அறிமுகமானது பொன்னிறம். பிரெஞ்சுக் கடலோடி துமோன் துர்வீலின் பயணத்தில் உடன் சென்ற கப்பல் மருத்துவர்கள் ஓம்ப்ரோன், ஜாக்கினோ இருவரும் 1841-இல் அதற்குப் பெயரிட்டார்கள்: டிலினோபஸ் லூட்டியோவிரன்ஸ். ஆரஞ்சுப் புறா அதற்கு முப்பது ஆண்டுகள் கழித்து, 1872-இல், ஜான் கூல்டு கையால் டிலினோபஸ் விக்டர் ஆயிற்று. இவ்வளவு பளிச்சென்ற பறவை அவ்வளவு காலம் கண்ணில் படாமல் இருந்ததா என்று கேட்கத் தோன்றும். காட்டில் ஒரு காலை நின்று பார்த்தால் அந்தக் கேள்வி தானாகவே போய்விடும்.

முதல் படி: எந்தத் தீவில் நிற்கிறீர்கள்?

இதற்கு மட்டும் சரியான விடை தெரிந்தால் முக்கால் வேலை முடிந்தது. இரண்டு புறாக்களும் ஒரே தீவில் வாழ்வதில்லை.

பொன்னிறப் பழப்புறா: விட்டி லேவு, அதை ஒட்டிய பெங்கா, ஒவாலாவ், ங்காவ், மேற்கே வாயா முதலிய தீவுகள்.

ஆரஞ்சுப் பழப்புறா: வனுவா லேவு, தவேயுனி, ரம்பி, கியோவா, ங்காமேயா, லௌதாலா. கடைசி இரண்டு தீவுகளில் உள்ளவற்றைத் தனித் துணையினமாகக் கணக்கில் எடுக்கிறார்கள்.

விட்டி லேவுக்கும் வனுவா லேவுக்கும் நடுவே கடல் ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர்தான். சிறகுள்ள ஒரு பறவைக்கு இது ஒரு தூரமா? ஆனாலும் தாண்டுவதில்லை. வனுவா லேவுக்கும் தவேயுனிக்கும் இடையில் உள்ள சோமோசோமோ நீரிணையின் இரு கரையிலும் ஒரே ஆரஞ்சுப் புறா. விட்டி லேவு பக்கம் வந்தால் வேறு இனம். புறாக்கள் மட்டுமல்ல, பிஜியின் ஒளிர்கிளிகளும் இதே கோட்டில் பிரிகின்றன. விட்டி லேவில் கறுப்பு முகமூடி அணிந்த கிளி, வனுவா லேவிலும் தவேயுனியிலும் அரக்குச் சிவப்புக் கிளி, தெற்கே கந்தாவுவில் செக்கச்சிவந்த கிளி. இந்த மூன்று பங்கீட்டை மனதில் பதித்துக்கொண்டால் பிஜியின் பாதிப் பறவைப் பட்டியல் சுலபமாகிவிடும். என் கணிப்பில் எந்தக் கையேட்டை விடவும் பயனுள்ளது ஒரு நல்ல வரைபடம்.

வரைபடம் வாங்கும்போது ஒரு விஷயம். பிஜி மொழியின் ரோமன் எழுத்துக் கூட்டல் ஆங்கிலம் படித்தவர்களைத் தடுமாற வைக்கும். பலகையில் ‘பி’ என்ற எழுத்தைக் கண்டால் ‘ம்ப’, ‘டி’யைக் கண்டால் ‘ந்த’, ‘கியூ’வைக் கண்டால் ‘ங்க’, ‘சி’யைக் கண்டால் ‘த’ என்று ஒலிக்க வேண்டும். பலகையில் ‘நாடி’ என்று கிடப்பது வாயில் நாந்தி. ‘பெகா’ என்று படித்தால் யாருக்கும் புரியாது; பெங்கா என்றால் படகுக்காரர் திரும்பிப் பார்ப்பார். தமிழில் எழுதி வைத்துக்கொள்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, ம்பவும் ந்தவும் நமக்குக் கைவந்தவை.

இரண்டாம் படி: அளவுகோலைக் கண்ணில் ஏற்றிக்கொள்ளுங்கள்

நாந்தியில் இறங்கியதும் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருகிறவர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. ஊருக்குள் மைனா, சின்னான், புள்ளிப்புறா. எல்லாம் மனிதன் கொண்டுவந்து விட்டவை. 1903 முதல் சென்னை மாகாணத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம் மக்களின் பேரப்பிள்ளைகள் வாழும் ஊர் இது. பெரிய தெருவின் முனையில் முருகன் கோயில் கோபுரம் வேறு நிற்கிறது. ஒரு நிமிடம் எங்கே வந்திருக்கிறோம் என்றே குழம்பும்.

அந்தச் சின்னானை அலட்சியப்படுத்தாதீர்கள். பின்புறம் சிவந்த அந்தக் கொண்டைக்குருவி சுமார் 20 சென்டிமீட்டர். நாம் தேடிப்போகும் இரண்டு பழப்புறாக்களும் அதே 20 சென்டிமீட்டர்தான். புறா என்றதும் மாடப்புறா அளவை மனதில் வைத்துக்கொண்டு காட்டில் நுழைந்தால் கண் பெரிய உருவத்தைத் தேடும், சின்னதைத் தாண்டிப் போய்விடும். ஊரிலேயே ஒரு சின்னானைத் தொலைநோக்கியில் நன்றாகப் பார்த்து, அதே நீளத்துக்கு இன்னும் உருண்டையாக, கழுத்தில்லாததுபோல், குட்டை வாலோடு ஒரு உருவத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதுதான் தேடவேண்டிய உரு.

மூன்றாம் படி: காது

இரண்டு ஆண் பறவைகளும் வெட்கமில்லாத நிறத்தில் இருந்தாலும் இலைக்கூட்டத்துக்குள் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பழம் நிறைய விழுங்கிய புறாவுக்கு அசைய என்ன அவசரம்? ஆகவே முதலில் கிடைப்பது குரல்தான். நல்ல வேளையாக, இரண்டின் குரலும் துளிகூட ஒத்துப்போவதில்லை.

ஆரஞ்சுப் பழப்புறாவின் குரலைப் பறவைக் குரல் என்று எடுத்துக்கொள்ளவே முதலில் மனம் வராது. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி இழுத்துவிட்டால் வரும் ‘டொக்’ ஓசை. ‘டொக்... டொக்... டொக்...’ என்று ஒரே சீராக, இடைவெளி மாறாமல், சலிக்காமல் ஒலிக்கும். புதியவர்கள் இதைத் தவளை என்றோ, பூச்சி என்றோ, எங்கோ மரத்தில் தண்ணீர் சொட்டுகிறது என்றோ ஒதுக்கிவிட்டு நடந்துவிடுகிறார்கள். தவேயுனியில் சீரான ‘டொக்’ கேட்டால் உடனே நின்றுவிடுங்கள். பறவை உங்கள் தலைக்கு மேலேயே இருக்கக்கூடும். அந்த ஓசை தூரத்தைச் சரியாகக் காட்டாது; பக்கத்தில் இருப்பது தொலைவில் இருப்பதுபோலக் கேட்கும்.

பொன்னிறப் பழப்புறா குரைக்கும். சின்ன நாய்க்குட்டி ஒருமுறை வள்ளென்று சொல்லி நிறுத்துவதுபோல ஒற்றைக் குரைப்பு. பிறகு மௌனம். மறுபடி ஒன்று. அடர்ந்த காட்டில், பக்கத்தில் வீடே இல்லாத இடத்தில் நாய்க்குட்டிக் குரல் வந்தால் சந்தேகப்படுங்கள்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பிஜி முழுவதும் குரைக்கும் பெரும்புறா என்று ஒன்று இருக்கிறது. பெயரே அதன் குரலால் வந்தது. பழப்புறாவைப் போல இரு மடங்கு நீளம், சாம்பல் நிறம், காக்கையைப் போலக் கனத்த இறக்கையடி. அதன் குரைப்பு அடித்தொண்டையிலிருந்து வரும், கரகரவென்று உறுமலும் கலந்திருக்கும். பொன்னிறத்தின் குரைப்பு மேல்தொண்டைக் குரல். கூர்மையாக, சட்டென்று வெட்டினதுபோல முடியும். இங்கே மறுபடியும் தீவைக் கேளுங்கள். தவேயுனியில் குரைப்பு கேட்டால் அது பெரும்புறாதான், அல்லது உண்மையான நாய். பொன்னிறப் புறா அங்கே வர வாய்ப்பில்லை. விட்டி லேவிலும் அதை ஒட்டிய பொன்னிறத் தீவுகளிலும் மட்டும்தான் இரண்டு குரைப்புகளையும் காதால் பிரிக்க வேண்டிய தேவை. போவதற்கு முன் இணையத்தில் கிடைக்கும் ஒலிப்பதிவுகளை இரவு நேரத்தில் நாலைந்து முறை கேட்டுப் பழகிவிடுங்கள்.

பழகுவதற்கு மட்டும். காட்டில் நின்று கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை இழுப்பதை நான் ஏற்பதில்லை. எல்லைக் காவலில் இருக்கும் ஆண், போட்டிக்கு இன்னொருவன் வந்துவிட்டான் என்று தவித்துப்போகும். அதுவும் எல்லாரும் ஒரே பாதையில் நின்று அதே பறவையை இழுத்தால், அது சாப்பிடுவது எப்போது?

நான்காம் படி: குரல் வந்த மரத்தைப் படிப்பது

குரல் கேட்டதும் எல்லாப் பக்கமும் தொலைநோக்கியைச் சுழற்றக் கூடாது. வெறுங்கண்ணால் மரத்தை மேலிருந்து கீழாக மூன்றாகப் பிரியுங்கள்: உச்சி, நடு, அடி. இவை பெரும்பாலும் நடு, மேல்நடுப் பகுதியில், கிளை கவடுபடும் இடத்தருகே, இலைத்திரைக்குப் பின்னால் உட்காரும். உங்கள் தலையை ஒரு அடி இடம் மாற்றினாலே திரை விலகலாம். ஆகவே தொலைநோக்கியை அசைப்பதைவிடக் கால்களை மெல்ல நகர்த்துவது பலன் தரும்.

சிறு கனிகள் பழுத்த மரம், முக்கியமாக அத்தி வகை மரம், கண்ணில் பட்டால் அங்கே அரை மணி நேரம் செலவிடலாம். தரையில் உதிர்ந்த பழத்தோலும் எச்சத்தில் முழு விதைகளும் கிடந்தால் மேலே விருந்து நடக்கிறது என்று பொருள். புயல் ஆண்டுகளில் இந்தக் கணக்கு தவறும். 2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் புயல் அடித்தபோது பிஜியின் பல தீவுகளில் மரங்கள் மொட்டையாகின. இப்படிப்பட்ட புயலுக்குப் பின் கொஞ்ச காலத்துக்குப் பழந்தின்னிகள் வழக்கமான மரங்களில் கிடைக்காது. மிஞ்சிய மரங்களைத் தேடிச் சிதறிவிடும்.

ஆரஞ்சு நிறத்தைத் தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆப்பிரிக்கத் துலிப் மரம் பிஜியில் களையாகப் பரவிவிட்டது. அதன் தீ நிறப் பூ தூரத்தில் ஒற்றையாகத் தெரிந்தால் யாருக்கும் நெஞ்சு ஒருமுறை துள்ளும். பழுத்த இலையும் அப்படித்தான். பூ கொத்தாக, கிளை நுனியில் இருக்கும். புறா கிளைக்குள் இருக்கும்.

ஐந்தாம் படி: ஆண் பறவையைக் கண்ணால் உறுதிசெய்தல்

இப்போதுதான் நிறம்.

ஆரஞ்சு ஆண்: உடல் முழுக்க ஆரஞ்சு, தலை மட்டும் பச்சை கலந்த மங்கிய பொன். இந்தத் தலையும் உடலும் சேரும் இடத்தில் கோடு போட்டதுபோல நிறம் மாறுவதைக் கவனியுங்கள். தலைக்கு மட்டும் முக்காடு போட்டதாகத் தெரியும். அலகு, கால், கண்ணைச் சுற்றியுள்ள வெற்றுத் தோல் எல்லாம் நீலம் கலந்த பச்சை. கண்மணியைச் சுற்றிய வளையம் வெளிறியது, அதனால் முகத்துக்கு ஒருவித விறைத்த பார்வை. நல்ல வெளிச்சத்தில் முதுகையும் தோளையும் உற்றுப் பார்த்தால் இறகு இறகாகவே தெரியாது. நீண்டு, இழை இழையாகப் பிரிந்து, மயிர் மாதிரி தொங்கும். மடக்கிய சிறகின் மேலும் இந்த ஆரஞ்சு இழைகள் விழுந்து மூடிவிடுவதால் பறக்கும் இறகுகள் உட்காரும்போது அதிகம் தெரியாது, பறந்தால்தான் வெளிப்படும்.

பொன்னிற ஆண்: உடல் பச்சை ஓடிய தங்க மஞ்சள். தலை பசுமஞ்சள். இங்கே தலைக்கும் உடலுக்கும் அந்தக் கறாரான எல்லை இல்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நிறம் வழிந்து போகும். அலகும் கண்வளையமும் இதிலும் நீலப்பச்சையே. ஆனால் இறகின் அமைப்பு வேறு. மயிரிழை கிடையாது; ஒவ்வொரு இறகும் ஈட்டி முனைபோல நீண்டு கூர்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, வெயில் பட்டால் பளபளக்கும். நிறத்தைவிட இந்த இறகு அமைப்புதான் என்னைப் பொறுத்தவரை இரண்டுக்கும் உள்ள அழகான வேறுபாடு. படங்களில் இது சரியாக வருவதில்லை. தொலைநோக்கி தாங்கியில் நிறுத்திவைத்துப் பார்க்க முடிந்தால் பாருங்கள்.

எது அழகு என்று கேட்பார்கள். ஆரஞ்சு முதல் பார்வையில் அசத்தும். பொன்னிறம் நேரம் எடுத்துக்கொள்ளும். நிழலில் மந்தமான பச்சைப் பறவையாகத் தெரிந்தது வெயிலுக்கு நகர்ந்ததும் தகதகக்கும். என் ஓட்டு பொன்னிறத்துக்கு. ஆனால் இது சிறுபான்மைக் கட்சி.

ஆறாம் படி: பெண்ணும் இளம் பறவையும்

உண்மையான பரீட்சை இதுதான். கையேடுகள் இதற்கு இரண்டு வரி ஒதுக்கிவிட்டு நழுவிவிடுகின்றன.

இரண்டு இனத்திலும் பெண் கரும்பச்சை. ஆரஞ்சுப் பெண்ணுக்கு வால் கறுத்திருக்கும், வாலடி இறகுகளில் ஆரஞ்சு கலந்த மஞ்சள். பொன்னிறப் பெண்ணிலும் அடிப்பகுதியில் மஞ்சள் சாயல் உண்டு. காட்டு நிழலில், கீழிருந்து அண்ணாந்து பார்க்கையில், இந்த மஞ்சளின் வேறுபாட்டை வைத்து முடிவு சொல்ல முயல வேண்டாம். தீவை வைத்துச் சொல்லுங்கள். விட்டி லேவில் பச்சைப் பெண் என்றால் பொன்னிறம், தவேயுனியில் என்றால் ஆரஞ்சு. இதில் குறுக்குவழி என்று வெட்கப்பட எதுவுமில்லை. பறவைகளே பிரித்துக்கொண்ட எல்லை அது.

கண்ணால் பிரிக்க வேண்டியது வேறு ஒன்று. பல்வண்ணப் பழப்புறா என்ற மூன்றாவது ஆள் இரு தீவிலும் உண்டு. சமோவா, டோங்கா வரை பரவிய இனம். அதன் ஆண் வெளிறிய மஞ்சள்வெள்ளை, முதுகின் குறுக்கே செம்பட்டை. அதைத் தவறவிட முடியாது. அதன் பெண்ணோ பச்சை. குழப்பம் வருவது இதோடுதான். எந்தப் பச்சைப் பழப்புறாவைப் பார்த்தாலும் முதலில் உச்சந்தலையைப் பாருங்கள். தலையுச்சியில் சிவப்புத் தொப்பி இருந்தால் அது பல்வண்ணம். நம் இரண்டில் எதுவுமில்லை. தலை மறைந்து வால் மட்டும் தெரிந்தால் வாலடியில் சிவப்பு உண்டா என்று பாருங்கள்.

இளம் பறவைகள் தாயைப் போலப் பச்சை. ஆண் குஞ்சு வளர்ந்து நிறம் மாறும் காலத்தில் பச்சைக்கு நடுவே திட்டுத்திட்டாக ஆரஞ்சோ மஞ்சளோ தோன்றும். வனுவா லேவிலோ தவேயுனியிலோ இப்படி அரைகுறை நிறத்தில் ஒன்றைக் கண்டு, இரண்டு இனமும் கலந்து பிறந்தது என்று எழுதிவிடாதீர்கள். அது நிறம் மாறும் இளைஞன், அவ்வளவுதான்.

கூட்டைத் தேட வேண்டாம். குச்சிகளை அடுக்கிய ஒல்லியான மேடை, பெரும்பாலும் ஒற்றை முட்டை. மனிதன் அருகில் நின்றால் போதும், தாய் எழுந்துவிடும்.

ஏழாம் படி: எங்கே, எப்போது

பொன்னிறத்துக்கு எளிய இடம் சுவாவுக்கு வடக்கே உள்ள தோலோ-இ-சுவா வனப்பூங்கா. தலைநகரிலிருந்து பஸ்ஸிலேயே போய்விடலாம். நட்டு வளர்த்த மகோகனி மரங்களும் இயற்கைக் காடும் கலந்த இடம். நடுவே ஓடை, குளிக்கும் மடுக்கள். மகோகனிக்குக் கீழே நின்று பயனில்லை. ஓடையோரம், காட்டு விளிம்பு, பழமரங்கள் இருக்கும் சரிவு ஆகியவற்றில் நில்லுங்கள். விடுமுறை நாளில் குளிக்க வரும் கூட்டம் சேர்ந்துவிட்டால் ஒன்றும் கேட்காது. கதவு திறந்ததும் உள்ளே இருக்க வேண்டும். மேற்குப் பக்கம் தங்குகிறவர்கள் நாந்திக்குப் பின்னால் உள்ள நௌசோரி மேட்டுநிலங்களில் தேடலாம். அங்கே மழை குறைவு, பார்வை விரியும், ஆனால் வண்டி வேண்டும்.

ஆரஞ்சுக்குத் தவேயுனி. வனுவா லேவிலும் உண்டு. சவுசவு ஊரில் தங்கிக் காட்டுக்குப் போகலாம். இருந்தாலும் முதன்முறை போகிறவர்களுக்கு நான் தவேயுனியைத்தான் சொல்வேன். தீவு சிறியது, நடுமலை முழுக்கக் காடு, அதோடு அங்கே கீரிப்பிள்ளை இல்லை. 1883-இல் கரும்புத் தோட்டத்து எலிகளை ஒழிக்க இந்தியாவிலிருந்து கொண்டுவந்த கீரி, விட்டி லேவிலும் வனுவா லேவிலும் தரைப்பறவைகளுக்கு எமனாயிற்று. மரத்தில் வாழும் பழப்புறாவை அது அவ்வளவாகத் தொடவில்லை. என்றாலும் கீரியில்லாத தீவில் நடக்கும்போது காட்டின் தரையிலும் உயிர் இருப்பது தெரியும்.

தவேயுனியில் இறங்குவது வடமுனையில் உள்ள மதேய் விமானத் திடலில். நாந்தியிலிருந்தும் சுவா பக்கமிருந்தும் சின்ன விமானங்கள் வருகின்றன. சாமான் எடைக் கட்டுப்பாடு கறாரானது. கனமான லென்ஸைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் சுவாவிலிருந்து இரவுக் கப்பல் இருக்கிறது. அட்டவணையை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாமல் ஊர் திரும்பும் விமானத்துக்கு முன் ஒரு நாள் உதிரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

புகழ்பெற்ற இடம் தே வோ சிகரம், 1,195 மீட்டர். உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் இருப்பதால் ஒரு கரடுமுரடான வண்டிப்பாதை மேலே போகிறது. நாற்சக்கர இயக்க வண்டி ஒன்றை முந்தின நாளே பேசிவைத்து, இருட்டில் கிளம்பி, விடியும்போது மேலே இறங்கிக்கொண்டு, வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, பறவை பார்த்தபடியே நடந்து இறங்குங்கள். ஏறிக்கொண்டே பார்ப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். காலை ஏறியதும் மேகம் வந்து உச்சியை மூடிவிடும், அப்போது நீங்கள் அதற்குக் கீழே வந்திருப்பீர்கள். கிழக்குக் கரையில் போமா தேசியப் பூங்காவின் தவோரோ அருவிப் பாதையிலும் இந்தப் புறா உண்டு. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்தப் பாதையின் கீழ்ப்பகுதி தோது.

மே முதல் அக்டோபர் வரை மழை குறைவான காலம். ‘குறைவான’ என்பதைத் தவேயுனியில் அப்படியே நம்ப வேண்டாம். பிஜியின் ஈரமான தீவுகளில் அது ஒன்று. தொலைநோக்கிக்கு மழை மூடி, காலணிக்கு மாற்று, குறிப்பேட்டுக்குப் பிளாஸ்டிக் உறை. எட்டு மடங்குத் தொலைநோக்கி போதும். இருண்ட காட்டில் அதிக மடங்கைவிட அதிக வெளிச்சம் தரும் கண்ணாடிதான் உதவும்.

எட்டாம் படி: கேட்டுவிட்டு நுழையுங்கள்

பிஜியில் நிலத்தின் மிகப் பெரும்பகுதி பழங்குடிக் குலங்களின் கூட்டுச் சொத்து. ஆளில்லாத காடாகத் தெரிவதற்கும் உரிமையாளர்கள் உண்டு. பூங்காக்களில் நுழைவுக் கட்டணம் கட்டினால் போதும். மற்ற இடங்களில் பக்கத்துக் கிராமத்தில் கேட்க வேண்டும். கிராமத்துக்குள் போகும்போது தொப்பியைக் கழற்றிவிடுவது, தோளும் முழங்காலும் மூடியிருப்பது, கையில் ஒரு கட்டு யங்கோனா வேர் (காவா பானம் செய்யும் வேர்) கொண்டுபோய்த் தலைவரிடம் கொடுப்பது வழக்கம். சந்தையில் அந்த வேரைக் காகிதத்தில் சுற்றியே தருவார்கள். ‘புலா’ என்று வணங்கினால் பதிலுக்குப் பத்து ‘புலா’ வரும். அதன்பின் கூடவே ஒரு பையன் வருவான். எந்த மரத்தில் பழம் பழுத்திருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்த அளவு எந்தச் செயலிக்கும் தெரியாது. கூலி பேசிவிட்டு அழைத்துப்போங்கள். முடிந்ததும் ‘வினாக்கா’ (நன்றி) சொல்ல மறக்காதீர்கள்.

குறிப்பு எழுதுவது

அன்றன்று இரவே எழுதுங்கள். ஆரஞ்சு ஆணைப் பார்த்தேன் என்று ஒரு வரி எழுதுவதில் யாருக்கும் லாபமில்லை. தீவு, பாதை, உயரம், நேரம், ஆணா பெண்ணா, என்ன மரம், என்ன தின்றது, குரல் எப்படி. பெண்ணைப் பார்த்திருந்தால் ‘தீவை வைத்து இனம் கண்டது’ என்று நேர்மையாகக் குறித்துவிடுங்கள். குரல் மட்டும் கேட்டிருந்தால் அதையும் அப்படியே. இ-பேர்டு போன்ற தளங்களில் ஏற்றும்போது இந்த விவரங்கள்தான் பிற்காலத்தில் பயன்படும். பெண் பறவைகளைப் பற்றிய நல்ல படங்களும் குறிப்புகளும் ஆண்களுடையதைவிடக் குறைவாகவே ஏற்றப்படுகின்றன. ஒரு பச்சைப் பெண்ணின் வாலடி தெளிவாக விழுந்த படம் கிடைத்தால் ஏற்றிவிடுங்கள்.

இரண்டையும் பார்த்துவிட்டவர்களுக்கு மூன்றாவதன் நினைப்பு வராமல் இருக்காது. சீழ்க்கைப் பழப்புறா கந்தாவு, ஓனோ தீவுகளில் மட்டும் இருக்கிறது. ஆணின் உடல் பச்சை, தலை பசுமஞ்சள். உறவுக்காரர்களின் ஆடம்பரம் இல்லை. குரல் மட்டும் மூன்றிலும் இனிமையானது: ஏறிப்போகும் ஒரு சீழ்க்கை, பிறகு இறங்கி உதிரும் சிறு ஒலிகள். அதன் அறிவியல் பெயரில் உள்ள லேயார்டு, எட்கர் லேயார்டு. இலங்கையில் பத்தாண்டு அரசுப் பணியில் இருந்து அங்குள்ள பறவைகளை ஆராய்ந்து, பின்னாளில் பிஜிக்கு அதிகாரியாகப் போனவர். இலங்கைக்கே உரிய கிளி ஒன்றின் ஆங்கிலப் பெயரிலும் அவர் இருக்கிறார். கந்தாவுவுக்குச் சின்ன விமானம் உண்டு, ஆனால் எல்லா நாளும் ஒரே மாதிரி ஓடாது. பயணத்தின் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டாம்.